அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே

நான் ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்க்காரி. அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். அம்மா தார் சுற்றுவாள், கோர்வைக்குத் துணையாக உட்காருவாள். அதனால் 2006-ல் நெசவாளர் தெரு ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்தபோது, அந்த மையம் எதற்காக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மையத்தின் பெயரையும் எண்ணையும் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்த குறை அந்த ஒரு மையத்தின் குறை அல்ல.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் பட்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலைக்கு ஒரு ஆள் போதாது. தறியில் இருப்பவர் நடு நாடாவை வீச, பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. இல்லாவிட்டால் வீட்டின் மூத்த பெண். குழித்தறிக்குக் கீழே குழியில் மிதி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பு வரை தவழ்ந்து வருகிற குழந்தையை எத்தனை தடவை இழுத்து உட்காரவைப்பது? தூளிக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே தார் சுற்றிய பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தூளியை விட்டு இறங்கிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அக்காவின் பள்ளிக்கூடம் நின்றுபோகும். என்னோடு படித்த பெண்கள் ஐந்தாம் வகுப்போடும் ஆறாம் வகுப்போடும் நின்றதற்கு ஏழ்மை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அந்த ஏழ்மைக்குள்ளே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது.

அந்தத் தெருவில் பால்வாடி திறந்திருந்தால் தறி ஓடும், அக்கா பள்ளிக்கூடம் போவாள். ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் இரண்டும் நிற்கும். இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கணக்கு.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதற்கும் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது வேறு வேகத்தில் வளர்ந்ததற்கு ஒரு காரணம், 1982 ஜூலை 1-ல் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அன்று சோறு போட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 2006-ன் கடைசியில், ழான் ட்ரெஸ் உள்ளிட்டோர் ஆறு மாநிலங்களில் கள ஆய்வு செய்து ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் தமிழ்நாடுதான் முன்வரிசையில் இருந்தது. மையங்கள் தவறாமல் திறக்கின்றன, சமைத்த சோறு கிடைக்கிறது, தாய்மார்கள் நம்பிப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் மையமும் தவறாமல் திறந்தது, தவறாமல் சமைத்தது. நான் சொல்ல வருவது, எங்கே வைத்துச் சமைத்தோம் என்பதை.

வாடகை வீடு. ஓடு போட்ட ஒரே அறை. ஒரு மூலையில் செங்கல் கூட்டிய விறகு அடுப்பு. எதிர் மூலையில் அரிசி மூட்டை, சத்துமாவுப் பைகள், பதிவேடுகள் வைத்த டிரங்குப் பெட்டி. நடுவில் பாய். பாயில் பிள்ளைகள். அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு பழைய மரப்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை சும்மா தாண்டிவிடும் உயரம். காலையில் அடுப்பு பற்றவைத்தால் புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போன மட்டும் போகும், மிச்சம் அறையிலேயே நிற்கும். பாதிப் பிள்ளைகளுக்கு எப்போதும் இருமல். கொதிக்கிற சாம்பார்க் குண்டானை இறக்கி வைக்கத் தரையைத் தவிர இடமில்லை. இறக்கி வைத்ததும் ஆயாம்மா குண்டானுக்குப் பக்கத்தில் பலகையை ஒட்டிக் கால்களை அகல நீட்டி உட்கார்ந்துவிடுவார். சாம்பார் ஆறுகிற வரை எழுந்திருக்க மாட்டார். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னைத்தான் மொண்டு தரச் சொல்வார். சேர்ந்த புதிதில் அது அலுப்பில் உட்காருவது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அறையில் இல்லாத சுவராக அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

உதவியாளர் என்பது அவருடைய பதவிப் பெயர். தெருவுக்கெல்லாம் அவர் ஆயாம்மா. எம்.ஜி.ஆர். காலத்திலேயே சேர்ந்தவர். அவர் சோறு ஊட்டிய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவரிடம்தான் முதலில் பேசினேன். இந்த அடுப்பை வெளியே கொண்டுபோக வேண்டும், மேலே எழுதிப் போடலாம் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பயந்தார்.

“டீச்சரு, நீ எழுதுறது நல்லதுக்குத்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அடுப்பு யாரு கையில கீது? எங் கையில. மேல இருந்து வர்றவங்கோ யார கேப்பாங்கோ? ஏம்மா புள்ளைங்க பக்கத்துல அடுப்ப வெச்சேன்னு என்னத்தான் கேப்பாங்கோ. செவுரு ஏன் இல்லேன்னு செவுத்தையா கேப்பாங்கோ?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் மத்திய அரசின் கணக்கில் பணியாளருக்கு மாதம் 1,000 ரூபாய், உதவியாளருக்கு 500. மாநில அரசு அதற்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. கணவரை இழந்தவர் அவர். அந்தச் சம்பளத்தில் ஒரு மாதம் நின்றாலும் அவர் வீட்டில் உலை வைக்க முடியாது. தன் தவறு அல்லாத ஒன்றுக்காக அந்த வேலையை அவர் ஏன் பணயம் வைக்க வேண்டும்?

அவர் பயந்தது சரி என்று அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் நேரிலேயே பார்த்தேன். வட்டாரத்து மையங்களின் பணியாளர்கள் எல்லோரும் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தோம். என்னைப் போலப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, வருகிற முட்டைகளில் சிலது கெட்டிருக்கிறது, வேகவைத்து உரித்தால்தான் தெரிகிறது என்றாள். நியாயமான பேச்சு. அதிகாரியிடமிருந்து உடனே வந்த கேள்வி: “உங்க ஆயா பாத்து வாங்கலையா?” முட்டை எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, மாற்றித் தர யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மையத்து உதவியாளருக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மூத்த பணியாளர்கள் அவளுக்குச் சொன்ன அறிவுரை: வந்த புதிதில் வாயைத் திறக்காதே. அக்கறையோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வந்த புதிதில்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வருஷம் புகையில் உட்கார்ந்தால் புகை தெரியாமல் போய்விடும்.

நான் வாயை மூடிக்கொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் கும்பகோணம். 2004 ஜூலை 16-ல் அங்கே ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. எங்கள் தெருவில் அன்று தறி ஓடவில்லை. டிவி இருந்த வீட்டு வாசலில் கூட்டமாக நின்று பார்த்தோம். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நான் அடுப்பும் பாயும் ஒரே அறையில் இருக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். எங்களுடையது ஓட்டு வீடு, கீற்று இல்லை என்று சமாதானம் சொல்லலாம். கொதிக்கிற குண்டானுக்கு ஓடு என்ன, கீற்று என்ன?

கும்பகோணம் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லப் பத்து வருஷம் ஆனது. 2014 ஜூலை 30-ல் பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேர் விடுதலை. தண்டனை பெற்றவர்களில் பள்ளி நிறுவனர் இருந்தார். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருந்தார்கள். தீர்ப்புக்குள் நான் போகவில்லை. வழக்கின் விவரம் படித்தவர்கள் பேசட்டும். பேப்பரில் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆயாம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

மனு எழுத உட்கார்ந்தபோது அப்பா ஒரு யோசனை சொன்னார். பட்டு முதலாளியிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கும்போது எடை போட்டு நோட்டில் ஏற்றுவார்கள். சேலையை நெய்து கொடுக்கும்போது மறுபடி எடை. கிராம் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். சில சமயம் பட்டே ஈரத்தோடு வரும், காய்ந்தால் எடை குறையும். அப்போது நீ திருடினாய், நான் திருடினேன் என்று வாய்ச்சண்டை போட்டு ஒருவனும் ஜெயித்ததில்லை என்பார் அப்பா. “வாங்கும்போதே ‘ஈரம்’னு நோட்டுல எழுதச் சொல்லி, அவங்க கையெழுத்து வாங்கிடணும். அவ்வளவுதான். பொருள் எப்படி இருந்துதுன்னு எழுது. ஆள் எப்படின்னு எழுதாத.”

முதலில் எழுதி வைத்திருந்த தாளில், ‘உதவியாளர் குழந்தைகளுக்கு மிக அருகில் சமைக்கிறார்’ என்று ஒரு வரி இருந்தது. உண்மைதான். அதை எடுத்துவிட்டு, ‘மையத்தில் தனிச் சமையலறை இல்லை. அடுப்பு, குழந்தைகள் அமரும் அறையிலேயே உள்ளது. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க மேடை இல்லை. புகை வெளியேற வழி இல்லை’ என்று எழுதினேன். நான்கு வரிகளிலும் ஆள் இல்லை. அறை மட்டும் இருந்தது. ஆயாம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். விரல் வைத்து இரண்டு முறை படித்தார். தன் பெயர் எங்கேயும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, “இதுக்கு வேணா நானும் கையெழுத்து போடுறேன்” என்றார். மனுவில் கடைசியாக வாங்கவேண்டிய கையெழுத்து என்று நான் நினைத்திருந்தது முதலாவதாக விழுந்தது.

மேற்பார்வையாளர் மேடம் மையத்துக்கு வந்தபோது மனுவைக் கொடுத்து, பார்வையாளர் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மேற்பார்வையாளருக்கு 25 மையம் என்பது திட்டத்தின் கணக்கு. பஸ் பிடித்து, நடந்து, ஒவ்வொரு மையத்திலும் பதிவேடு பார்த்து, ஆபீசுக்குப் போய் அறிக்கை எழுதுகிற பெண் அவர். சுவர் கட்ட அவர் கையில் ஒரு ரூபாயும் கிடையாது. எழுதினால், எழுதிய பிறகு என்ன செய்தாய் என்று அவரைக் கேட்பார்கள். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ‘தனிச் சமையலறை தேவை’ என்று மூன்று சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சமையலறை ஒரு பக்கம் இருக்க, எனக்கு அதைவிடப் பெரிய கவலை எடை.

மாதா மாதம் பிள்ளைகளை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். வயதுக்கேற்ற எடை இல்லாத பிள்ளைகளை அந்தக் காலத்தில் நான்கு தரமாகப் பிரிப்பார்கள். கீழ்த் தரத்துக்குப் போகப் போக உணவு அதிகம் தர வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மையத்தின் எடைக்கருவியில் முள் இரண்டு கிலோ தள்ளி நின்றது. எப்போது கெட்டது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பதிவேட்டில் மாதம் தவறாமல் எடை ஏறியிருந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் நூறு இருநூறு கிராம் ஒழுங்காகக் கூடிக்கொண்டே போனது. காய்ச்சல் வந்த மாதத்தில்கூட ஒரு பிள்ளையும் இளைக்கவில்லை. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள் என்றது. எங்கள் பதிவேட்டின்படி அந்தத் தெருவில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

எடைக்கருவி பழுது என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அதற்குள் 2007 ஜனவரி 26 கிராம சபை வந்தது. தாய்மார்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், குடியரசு தினம் என்று தறிக்கு லீவு கிடையாது. சமையலறைக் கோரிக்கையை ஒரு தாய் படித்தார். எடையைப் பற்றிப் பேச வேண்டியவர் கூட்டத்தைப் பார்த்ததும் பேச்சு வராமல் நின்றுவிட்டார். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். கணவரோடு சேர்ந்து நெய்கிறவர். இடுப்பில் பிள்ளை. “எங்க ஊட்டுக்கு வர்ற பட்ட கிராம் கிராமா நிறுக்கிறாங்கோ. அரை கிராம் ஜரிக கொறஞ்சா கேக்கிறாங்கோ. எம் புள்ளைய நிறுக்க ஒரு தராசு இல்லியா?”

ஒரு நொடி சத்தமில்லை. பிறகு எல்லோரும் பேசினார்கள். அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த ஆண்களில் பலர் கிராம் குறைந்து கூலி பிடிக்கப்பட்டவர்கள். தராசு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கோரிக்கையும் தீர்மானமாக ஏறியது.

தீர்மானம் எழுதியதும் சுவர் எழுந்துவிடவில்லை. ஊராட்சி நிதியில் பின்பக்கத் தாழ்வாரத்தை மறைத்து ஒரு சமையலறை கட்டி முடிய மழைக்காலம் தாண்டியது. விறகு போய் கேஸ் அடுப்பு வர இன்னும் சில வருஷங்கள். தராசுக்கு மட்டும் நாங்கள் காத்திருக்கவில்லை. தடுப்பூசி போட புதன்கிழமை வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பேசினேன். அவர் தன் தராசைக் கொண்டுவந்தார், ஓட்டுச் சட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகள் ஊஞ்சல் என்று வரிசையில் நின்றார்கள். தாய்மார்கள் தாங்களே முள்ளைப் பார்த்தார்கள். சொன்ன எடை ஒன்று, இருந்த எடை ஒன்று. மூன்று வயதாகியும் ஒன்பது கிலோவைத் தாண்டாத ஒரு பெண் குழந்தை, அதுவரை எங்கள் பதிவேட்டில் பன்னிரண்டு கிலோவாக இருந்தாள்.

அந்த மாத அறிக்கையில் எங்கள் மையத்தின் எடை குறைந்த குழந்தைகள் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். மற்ற மையங்களில் எல்லாம் குறைகிறது, உன் மையத்தில் மட்டும் ஏன் கூடுகிறது, வீடு வீடாகப் போகிறாயா இல்லையா, சத்துமாவு பிள்ளைகளுக்குப் போகிறதா அல்லது வேறு எங்காவது போகிறதா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வி ஆயாம்மாவின் பக்கம் திரும்பப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்வையாளர் பதிவேட்டின் நகலையும், எடைக்கருவி பழுது என்று நான் இரண்டு முறை எழுதிய கடிதங்களின் நகலையும், செவிலியர் கையெழுத்திட்ட எடைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். குழந்தைகள் இளைக்கவில்லை, தராசு சரியாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கை நடுங்கியது. நடுங்கிய கையோடுதான் தாள்களை நீட்டினேன். அவற்றைப் புரட்டிப் பார்த்தவர் உட்காரச் சொன்னார். பாராட்டு எதுவும் இல்லை. ஆனால் மெமோ வரவில்லை. அந்தப் பெண் குழந்தைக்குக் கூடுதல் சத்துமாவு வந்தது. அது வருவதற்கு அவள் முதலில் ஒன்பது கிலோ என்று எழுதப்பட வேண்டியிருந்தது.

எங்கள் வேலைக்கு இந்த நாட்டில் என்ன மதிப்பு என்று எனக்கு ஓரளவு புரிந்தது அந்த 2006 டிசம்பரைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான். அந்த ஒரே மாதத்தில் உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று கர்நாடக வழக்கு. அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று அதில் தீர்ப்பு. மற்றது உணவு உரிமை வழக்கில் டிசம்பர் 13 உத்தரவு. 2008 டிசம்பருக்குள் நாட்டில் 14 லட்சம் மையங்கள் இயங்க வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு எதுவும் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். குழந்தைக்கு அங்கன்வாடி உரிமை ஆனது. அதை நடத்துகிற பெண்ணுக்கு மதிப்பூதியம்தான். வேலை உறுதி இல்லாதவளிடம் போய் தைரியமாகப் பேசு என்று சொல்வது எவ்வளவு எளிது! 2022 ஏப்ரல் 25-ல் குஜராத் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆயாம்மா அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

பணிப் பயிற்சியில் எங்களுக்கு ராஜஸ்தானின் பன்வாரி தேவியைப் பற்றிச் சொன்னார்கள். அவரும் எங்களைப் போல அரசுத் திட்டத்தில் மதிப்பூதியத்துக்கு ஊரில் வேலை செய்தவர். 1992-ல் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்காக ஊர் ஆண்கள் அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். அதிலிருந்துதான் 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது, 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் இன்று இருக்கிற பாதுகாப்பு, ஒரு ஊரே பணியிடமாக இருந்த பெண் வேலையைச் செய்யப்போய்ப் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது எங்களில் பலர் பேசவில்லை. எனக்கு அன்று பட்டது, குழந்தைக்காகப் பேசுவது எங்கள் வேலைக்கு வெளியே இருக்கிற வீரம் அல்ல, எடை போடுவது போல, சோறு போடுவது போல அதுவும் வேலைதான். கைக்குழந்தையால் மனு எழுத முடியாது.

ஆள் பெயரை எழுதாதே என்று நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையை அடிக்கிற கை, தொடக்கூடாத இடத்தில் தொடுகிற கை என்று வந்துவிட்டால் அங்கே அறையைப் பற்றியும் சுவரைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஆள்தான், பெயர்தான். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று காத்திருக்கவும் கூடாது, 1098-க்குப் போன் போட வேண்டும், போலீசுக்குப் போக வேண்டும். அதைச் செய்தது கூட வேலை பார்க்கிற அக்காவாக இருந்தாலும், அதிகாரியாக இருந்தாலும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் கஷ்டம். பெரும்பாலான நாட்களில் எங்கள் மையங்களில் பிள்ளைகளுக்கு ஆபத்தாக இருப்பது கெட்ட மனசு அல்ல. இல்லாத கதவு, மூடாத தொட்டி, கெட்ட தராசு, ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பணியிடம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைகளின் பெயரும் ஏறுகிற பழக்கத்தைப் பற்றி நான் எழுதிய கடிதம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. பணியாளரைத் தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் அனுப்பிவிட்டு ஒரே ஒரு உதவியாளரிடம் அத்தனை பிள்ளைகளையும் விடுவது இன்றும் நடக்கிறது. இப்போது 2021-லிருந்து போஷன் டிராக்கர் செயலி வந்திருக்கிறது. எடையும் வருகையும் கைபேசியில் ஏறுகின்றன. செயலிக்கு உள்ளே போவது சரியான எண்ணா என்பது இன்றும் தராசையும் அதைப் பிடிக்கிறவரையும்தான் பொறுத்தது. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டில் எடை குறைந்த குழந்தைகள் 22 சதவீதம் என்று வந்தது. முப்பதிலிருந்து இருபத்திரண்டு. அந்த எட்டுக்குள் எங்கள் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் பக்கத்து மையத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பட்டதாரி. கைபேசியில் படபடவென்று தட்டுவாள். சேர்ந்த சில நாளிலேயே ஒரு மனுவோடு என்னைத் தேடி வந்தாள். அக்கா, இதை அனுப்பலாமா பாருங்கள் என்றாள். கழிப்பறைக் கதவு, உடைந்த ஜன்னல், பாம்பு வருகிற புதர் எல்லாம் சரியாக எழுதியிருந்தாள், தேதியும் போட்டிருந்தாள். கடைசியாக ஒரு வரி: ‘உதவியாளர் அடிக்கடி குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டு வெளியே சென்றுவிடுகிறார்.’ எங்கே போகிறார் என்று கேட்டேன். தண்ணீருக்கு, தெருக்கோடிக் குழாய்க்கு என்றாள். எத்தனை குடம்? சமைக்க, குடிக்க, பிள்ளைகளைக் கழுவ என்று அவள் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். என் பேனாவை வாங்கி அந்த வரியை அவளே அடித்தாள். அந்த இடத்தில், ‘மையத்தில் குடிநீர்க் குழாய் இல்லை’ என்று எழுதினாள். உங்கள் ஆயாம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு, அவர் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொள் என்றேன்.